கிளட்ச் லீவரில் கொஞ்சம் தொய்வு

16 பிப்ரவரி 2025, ஞாயிறு

துர்கா போன் பண்ணினாள். ஒன்பது நிமிடம். முன்பு நானே ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடுவேன். "ஞாயித்துக்கெழம மட்டும் பேசலாம்பா, ஓசூர்ல வேலைய பாக்க வாணாவா?" என்று அவள்தான் நிறுத்தினாள்.

வைக்கும் முன், "அந்த டர்ட் பைக்க வித்துடுப்பா" என்றாள். பொங்கல் கழிந்து நடந்த ரேஸில் பாதியிலேயே வண்டி இழுக்காமல் கடைசியாக வந்தாள். அதிலிருந்து இதே பேச்சு. "வண்டி மேல தப்பு இல்லப்பா. எனக்கு ஓட்ட வரல." ஆறு வருடம் பாலாற்று மணலில் விழுந்து எழுந்தவள் பேசுகிற பேச்சா இது?

அவள் அம்மா வள்ளி இருந்தால் மகளிடம் எடுத்துச் சொல்லியிருப்பாள். அவள் போய் மூன்று வருடம். தறிச் சத்தத்தை விட்டால் இந்த வீட்டில் பேச நான் ஒருத்தன்தான். அதுவும் இந்த நோட்டில்.

19 பிப்ரவரி, புதன்

ஏனாத்தூரிலிருந்து வீரபாகு என்று ஒருவர் வண்டி பார்க்க வந்தார். தெருக்கோடி வரை ஓட்டிவிட்டுத் திரும்பினார். "முறுக்கினா எஞ்சின் கத்துதுங்க, வண்டி போவ மாட்டேங்குது. கிளட்ச் ஸ்லிப் ஆவுது." வேண்டாம் என்று போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எழுத வெட்கமாக இருக்கிறது.

21 பிப்ரவரி

ஆயில் மாற்றினேன். பழைய ஆயிலில் கருகல் வாடை. ஓட்டிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. கேபிளில் குறையில்லை. லீவர் ஆடாமல் கச்சிதமாக நிற்கிறது. பிறகு என்னதான் வியாதி?

23 பிப்ரவரி, ஞாயிறு

போன். ஆறு நிமிடம்.

25 பிப்ரவரி, செவ்வாய்

வண்டியைச் செவிலிமேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். துர்காவின் வண்டியை எப்போதும் பார்ப்பவர் அங்கே பட்டறை வைத்திருக்கும் ஜான்சன். லீவரை ஒரு விரலால் தொட்டதுமே நிமிர்ந்துவிட்டார்.

"இன்னாண்ணா இது, கொஞ்சங்கூட ஆட்டமே இல்ல? யாரு இத்த இப்டி இழுத்து வச்சது?"

எஞ்சினைத் திறந்து கிளட்ச் பிளேட்டுகளை வெளியே எடுத்தார். கருகிக் கிடந்தன. லீவரில் கொஞ்சம் தொய்வு விட்டால்தான் பிளேட்டுகள் முழுதாகப் பிடிக்குமாம். இழுத்து வைத்தால் எந்நேரமும் பாதிக் கிளட்ச் அமுக்கின மாதிரிதானாம்.

"ரேசுக்கு முந்தின நாள் நான் குடுக்கசொல்ல கரெக்டாத்தான்ணா இருந்துச்சு."

புது பிளேட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

நான்தான். அன்று சாயந்திரம் வண்டியைத் துடைத்தேன். லீவர் லொடலொடவென்று ஆடியது. தறியில் ஓடும் பாவில் ஒரு இழை தொய்ந்தாலும் என் கை பொறுக்காது, முப்பது வருடப் பழக்கம். திருகைச் சுற்றித் துளி ஆட்டம் இல்லாமல் இழுத்து வைத்தேன். பிள்ளைக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன். உன்ன யாரு கேட்டாங்க? யாருய்யா கேட்டாங்க?

27 பிப்ரவரி

சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுவிடும். எனக்கென்று வாரத்தில் இருப்பது அது ஒன்றுதான். சொல்லாவிட்டால் தனக்கு ஓட்ட வராது என்றே கடைசிவரை நம்பிக்கொண்டிருப்பாள்.

தறியில் இரண்டு தடவை இழை அறுந்தது. மனசு அங்கே இல்லை.

2 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டேன். "நீ ஓட்னதுல தப்பு இல்லம்மா. லீவர நான்தான் இழுத்து வச்சேன்."

"என் வண்டில நீ எதுக்குப்பா கை வச்ச?"

வைத்துவிட்டாள்.

9 மார்ச், ஞாயிறு

போன் வரவில்லை. காலையிலிருந்து சார்ஜரிலேயே வைத்திருந்தேன்.

11 மார்ச்

ஜான்சன் புது பிளேட் போட்டுக் கொடுத்தார். அவரிடமும் உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "லீவர் ஆடுதேன்னு மறுபடி கை வச்சிடாதீங்கண்ணா." ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நன்றாக இழுக்கிறது. யாரிடம் சொல்வது?

16 மார்ச், ஞாயிறு

வரவில்லை. அவள் நம்பரை எடுத்தேன், அழுத்தாமல் வைத்தேன். அழுகை வந்தது. வரட்டும், பார்க்க யார் இருக்கிறார்கள்.

22 மார்ச்

போகும்போதும் வரும்போதும் அந்த லீவர் கண்ணில் படுகிறது. கை அரிக்கிறது. சாக்குப் போட்டு மூடிவிட்டேன்.

23 மார்ச், ஞாயிறு

இல்லை.

30 மார்ச், ஞாயிறு

விடிந்ததும் கதவு தட்டுகிற சத்தம். துர்கா. வருவதாகச் சொல்லவே இல்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமலே சாக்கை விலக்கி லீவரை அழுத்திப் பார்த்தாள்.

"தொட்டியா?"

"இல்லம்மா."

"மே மாசம் ஒரு ரேஸ் இருக்குது. பேர் குடுத்துட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. கோபம் போகவில்லை, முகத்தில் தெரிகிறது. காபியைப் பாதி குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பக்கம் கிளம்பினாள். எப்ப வருவே என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

மணி பதினொன்றரை. போனைப் பரண் மேல் வைத்துவிட்டேன். குழம்பு தயார். இரண்டு பேருக்கு அரிசி களைந்து வைத்திருக்கிறேன். அவள் வந்த பிறகு உலையில் போட்டால் போதும்.