இரண்டு நிமிடம் மிச்சம்

பொங்கலுக்கு வீட்டுப் பித்தளையை எல்லாம் புளி போட்டுத் துலக்கியபோது, பட்டிமன்றத்தில் பேச்சாளரின் நேரம் முடிந்ததும் நான் அடிக்கும் அந்த மேஜை மணியும் கைக்கு வந்தது. விரலில் புளி வாடை போவதற்குள் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் மூன்று வருஷமாகிறது. படிக்க ஆளில்லாத கடிதம்தான், இருக்கட்டும்.

எழுபதுகளில் செல்லூரில் நடந்ததே, அந்தப் பட்டிமன்றம். ஆயுதம் தூக்கும் இளைஞர்களைத் திருத்துவது நியாயமான கூலியா, போலீஸ் தடியா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் உனக்குத் தடி விழுந்தது. உன் தம்பி படிப்பை விட்டு ஆயுதம் தூக்கியவர்களோடு போயிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"பக்கத்தை மாத்திக்கிறியா மாப்ள?" என்றேன்.

"மாத்துனா ஏன்னு கேப்பாய்ங்க" என்று மேடையேறினாய்.

பாவி, நன்றாகத்தான் பேசினாய். ஒரே கைத்தட்டல். "அவிங்கள சுட்டுத் தள்ளணும்ணே" என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கத்தினார். நீ நிறுத்தினாய். தண்ணீர் குடித்தாய்.

"இம்புட்டு நேரம் சீட்டுல விழுந்ததப் பேசுனேன். இப்ப எங்க வீட்டுல நடந்ததச் சொல்றேன்."

என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊரில் கூலி கூட்டிக் கேட்டவர்களைப் போலீஸ் அடித்தபோது, மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவன் உன் தம்பி. "ஒருத்தராச்சும் முழுசாக் கேட்டிருந்தா அவன் ஏன் போறான்?" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய்.

முன்வரிசையில் மஃப்டியில் இருந்த ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மணியை அடித்துவிட்டேன்.

கூட்டம் சிரித்தது. நீ கும்பிடு போட்டு உட்கார்ந்தாய். அன்று உன் அணிக்குத்தான் தீர்ப்பு. சிம்மக்கல் வரை என்னோடு நடந்து வந்து, "இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்துச்சு மாப்ள" என்றாய்.

"உன்னைக் காப்பாத்தத்தான் அடிச்சேன்."

"தெரியும்" என்றாய். என் சர்க்கார் வேலை போய்விடுமோ என்றும் சேர்த்துப் பயந்தேன் என்பதை அன்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன் தம்பி திரும்பி வரவே இல்லை. நீயும் அதன்பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. அது என்னால்தான்.

போன வருஷம் எங்கள் தெரு விழாவிலும் மணி என்னிடம்தான் இருந்தது. பேசிக்கொண்டிருந்த பெண், தலைப்பை விட்டுவிட்டுத் தன் வீட்டுக் கதைக்குப் போனாள். குரல் உடைந்தது. நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. நடுவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

மணியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குண்ணே" என்றேன்.