இன்னும் ஓராண்டு கேட்ட படம்

டொரன்டோ
10.8.2009

அன்புள்ள அப்பாவுக்கு, கயல்விழி வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிறன்று குறிஞ்சிப்பாடி அருள்முருகன் அண்ணன் என்னை விஞ்ஞானக் கதை ரசிகர்களின் மாநாட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே ரசிகர்களே ஓட்டுப் போட்டுச் சிறந்த படத்துக்கு விருது தருகிறார்கள். போன வருடம் வெளிவந்த படம்தான் போட்டியில் சேரும். அன்று பேச்சுக்கு வந்த ஓர் அம்மையாரின் படமோ அதற்கும் முந்தைய வருடம் ஒரே தியேட்டரில் நான்கு நாள் ஓடியது, பார்த்தவர்களே சிலர்தான். "தேதி தாண்டினா மனு செல்லாது" என்று மஞ்சக்குப்பம் ஆபீசில் நீங்கள் சொல்வதுபோல்தான் முடியும் என்று நினைத்தேன்.

ஆனால், கூட்டத்தில் நான்கில் மூன்று பங்குப் பேர் சம்மதித்தால் போட்டியில் சேர இன்னும் ஓராண்டு தரலாமாம்!

"கையத் தூக்கு புள்ள, டிக்கெட் வாங்கின நீயும் மெம்பர்தான். உன்னையும் எண்ணுவாங்க" என்றார் அண்ணன்.

தூக்கினேன். பஸ் ஓட்டுகிறவர், பேராசிரியர், சக்கர நாற்காலியில் ஒரு முதியவர் என்று அறை முழுக்கக் கைகள். ஒருவர் என்னையும் பார்த்து எண்ணிக்கொண்டு போனார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது அப்பா. தீர்மானம் நிறைவேறியது.

இட்லிப் பொடி அனுப்பும்போது கைப்பட நான்கு வரி எழுதுங்கள். போனில் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்பதோடு வைத்துவிடுகிறீர்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
கயல்