தொட்டியின் மேல் போட்ட வலை

மேற்குக் கான்சஸ்,
ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் எண்ணெய் வயலிலிருந்து திரும்பும்வரை, இங்கே நடப்பதை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதுவேன்.

வானிலை அலுவலகத்துக்காக நீங்கள் பார்த்துவந்த இரும்புத் தொட்டியை இப்போது நான் பார்க்கிறேன். காலை ஏழு மணிக்கு, எவ்வளவு தண்ணீர் ஆவியாகிப் போனது என்று அளக்கிறேன். இன்று அரை அங்குலம். மழை வழக்கம்போலத்தான் பெய்தது. ஆனால் வெயிலும் காற்றும் முன்னைவிட அதிகமாகக் குடிக்கின்றன. புல்லும் வேரால் உறிஞ்சியதை இலை வழியாக விட்டுவிடுகிறது என்று பாடத்தில் படித்தேன். அம்மாவிடம் சொன்னால், "கொஞ்சம் கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுடி அந்தப் புல்லை" என்கிறாள்.

மிசௌரி வியாபாரி கெல்வின் வந்திருந்தார். முப்பத்தெட்டு மாடுகளையும் வாங்கி, அங்கே மேய்ச்சலில் விட்டு வளர்ப்பாராம். ஜூலை முதல் வாரத்துக்குள் பதில் வேண்டுமாம். நான் வாளியில் பால் கொடுத்து வளர்த்த பசு, என் ஜூனிபரையும் சேர்த்துத்தான் கேட்கிறார்.

உங்கள் மகள்,
கொரின்

வடக்கு டகோட்டா,
ஜூன் 18

கொரின் கண்ணு,

மாடு குடிக்கிற குட்டையும் உன் தொட்டியும் ஒரே வெயில்லதானே கிடக்குது? தொட்டி இறங்குறத வச்சுக் கணக்குப் போடு. குட்டை ஆகஸ்ட் கடைசிவரைக்கும் தாங்கும்னா விக்க வேணாம். செப்டம்பர்ல நான் வந்துடுவேன். மாடில்லாத பண்ணைக்கு வந்து நான் என்ன செய்ய? வித்துட்டா இங்கயே லாரி ஓட்டிக் கிடக்க வேண்டியதுதான். உன் கண்ணைத்தான் நம்பியிருக்கேன்.

முட்டைக்கோஸும் கறியும் அடைச்சு அம்மா சுடுற பீராக் ரொட்டி நினைப்பாவே இருக்கு. இங்க சமையல்காரன் முட்டைக்கோஸை வேகவைக்கிறதில்ல, தண்டிக்கிறான்.

அப்பா

ஜூன் 28

அன்புள்ள அப்பா,

நல்ல செய்தி! தொட்டியில் பறவைகள் வந்து குடித்துக்கொண்டிருந்தன. அது அளவில் சேரக் கூடாது என்று ஒரு வழி செய்தேன். ஒரு வாரமாக நாளுக்குக் கால் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் இறங்குகிறது. மூன்று முறை கணக்குப் போட்டேன். குட்டை செப்டம்பர்வரை தாங்கும்.

"தொட்டி சொல்றது இருக்கட்டும், குட்டையப் போய்ப் பாத்தியா?" என்று அம்மா கேட்கிறாள். அவளுக்கு எப்போதும் சந்தேகம்.

கொரின்

ஜூலை 5

கண்ணு,

கெல்வின்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். முப்பது பேர் படுக்குற கொட்டகையில உன் கடிதத்தைச் சத்தமா வாசிச்சேன். "உன் பொண்ணுக்கு இருக்குற மூளை உனக்கில்லையே"ன்னு கிண்டல் பண்றானுங்க.

அப்பா

ஆகஸ்ட் 6

அப்பா,

குட்டையின் நடுவில் சேறு மட்டும்தான் மிச்சம். நேற்று ஒரு கன்று அதில் சிக்கிக்கொண்டது. கயிறு கட்டி இழுத்தோம்.

இன்று தொட்டியைச் சோதிக்க அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். "யாரும்மா இந்தக் கோழிவலையப் போட்டது?" என்றார். நான்தான் என்றேன். "வலை நிழல் போடும், காத்தையும் தடுக்கும். தொட்டிதான் கம்மியா காட்டியிருக்கு. வெயில் ஒண்ணும் கம்மியாக் குடிக்கல பாப்பா" என்றார்.

அதைத்தான் நான் 'ஒரு வழி' என்று எழுதியிருந்தேன். வலை என்று எழுதியிருந்தால் தவறு உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கெல்வினைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் பட்டி நிறைந்துவிட்டது. இந்த வட்டாரமே மாடு விற்கிறது. வாங்குவது இறைச்சிக் கூடம் மட்டும். என்ன செய்யட்டும்?

கொரின்

ஆகஸ்ட் 13

கொரின்,

நீ வலை போடாட்டியும் குட்டை வத்தித்தான் இருக்கும். விக்கச் சொல்லி அம்மாகிட்ட சொல்லிட்டேன். குளிர்காலத்துக்கும் இங்கயே வேலைக்குக் கையெழுத்துப் போட்டாச்சு.

சாப்பிடு.

அப்பா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அப்பா,

பிற்பகலில் இறைச்சிக் கூடத்து லாரி வந்தது. மற்ற மாடுகளை விரட்டி ஏற்றினார்கள். ஜூனிபர் மட்டும் என் கையில் வாளி இருப்பதைப் பார்த்துத் தானாகவே பலகையில் ஏறிப்போனாள். வாளியில் ஒன்றுமில்லை.

அலுவலகத் தாளில், வலை கிடந்த நாட்களின் அளவையெல்லாம் அடித்துவிட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன். இன்று தொட்டி அரை அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. நாளையும் ஏழு மணிக்கு அளப்பேன்.

இருட்டத் தொடங்கியதும் பட்டி விளக்குகளை வழக்கம்போல் போட்டேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "யாருக்குடி இது?" என்றாள். பிறகு அவளே போய் விளக்குகளை அணைத்துவிட்டு வந்தாள்.

கொரின்