வாயடைத்த எச்சரிக்கை

அம்மாவுக்கு வணக்கம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? உண்மையைச் சொல்.

இங்கே எங்கள் ஆபீஸ் கணினிகள் திடீர் திடீரென்று உறைந்து நின்றன. ப்ராசஸர் எங்காவது சிக்கிக்கொண்டால் உடனே எச்சரிக்கும் வசதி, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலிலேயே உண்டு. அதை மேலாளரே அணைத்து வைத்திருக்கிறார்! கேட்டால், "சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சுப்பா, தொல்லை தாங்கல" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அதை மறுபடி போட்டதும், நிரலில் எந்த வரியில் சிக்கல் என்று அதுவே காட்டிக்கொடுத்தது.

அந்தச் சூட்டோடு அறைக்கு வந்தால் தங்கச்சி போனில் அழுகிறாள். அப்பா மயங்கி விழுந்தாராமே? "அண்ணன்கிட்ட சொல்லாதடி, பயந்துடுவான்" என்று அவள் வாயை அடைத்தது நீதானாம்.

நீயுமா அம்மா? அப்பாவின் மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பு. இனிமேல் அவளைக் கத்த விடு.

உன் மகன்