போர்டு காட்டியும் நிற்காமல் போனவருக்கு

என் அன்புக்குரிய ‘என்னங்க’வுக்கு,

வேறு எப்படி ஆரம்பிப்பது? பத்தொன்பது வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயரைப் படித்ததோடு சரி. அதற்குப் பிறகு யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன்.

நீங்கள் போய் இந்த மாசியோடு ஒரு வருஷம். பழனி ரோட்டு ஒர்க்ஷாப்காரர்கள் சேர்ந்து உங்களுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். நேற்று மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். “டீச்சரம்மா, நீங்க ஒரு கடுதாசி மாதிரி எழுதிக் குடுங்க. அந்த ரேஸ் கதையைக் கட்டாயம் சேர்க்கணும். நீங்க போர்டு காட்டியும் நிக்காமப் போனாரே, அதைப் படிச்சா அவனவன் சிரிச்சே செத்துருவான்” என்றார்கள். செத்தவருக்கு எழுதும் கடிதத்தைப் படித்து இருப்பவர்கள் சாக வேண்டுமாம். காப்பி கொடுத்து அனுப்பி வைத்தேன்.

சரி, எழுதுகிறேன். சிரிப்பு வருமா என்று தெரியாது. எனக்கு ஆறு வருஷமாகக் கோபம்தான் வருகிறது.

குஜிலியம்பாறைப் பக்கம் கிணற்றுமேடு கிணற்றுமேடாகப் போய் ஆயில் இஞ்சின் ரிப்பேர் பார்த்து, உங்களுக்கு டீசல் தலைக்கேறிவிட்டது. பெட்ரோல் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளை, டீசல் என்றால் உழைக்கிற ஆள் என்று ஒரு பாகுபாடு வேறு. உங்கள் சட்டையில் டீசல், தலையணையில் டீசல், நீங்கள் கை கழுவியதாகச் சொல்லிக்கொண்டு தொட்ட கறி, கூட்டு வெஞ்சனத்தில் டீசல். எத்தனை நாள் சோற்றைத் தட்டோடு நகர்த்தி வைத்திருக்கிறேன்! ஒரு நாளாவது காதில் போட்டுக்கொண்டீர்களா?

பிறகு அந்தக் கார் வந்தது. கொடைக்கானல் எஸ்டேட்காரர் ஒருவர், பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று தள்ளிவிட்ட நீளமான பிளஷர் கார். நீங்கள் அதன் இஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு பழைய லாரியின் டீசல் இஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்தீர்கள். வைக்கிறவர் வைத்துவிட்டு வாடகைக்கு ஓட்டியிருக்கலாம். பிரான்ஸ் தேசத்தில் இருபத்துநாலு மணி நேரம் ஓடுகிற பந்தயத்தில் டீசல் காரும் கலந்துகொண்டதாம், எங்கேயோ கிழிந்த ஆங்கிலப் பத்திரிகையில் படத்தைப் பார்த்துவிட்டீர்கள். என்னிடம் கொடுத்து வாசித்துச் சொல்லச் சொன்னீர்கள். நான் வாசித்துத் தொலைத்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

மெட்ராசுக்குப் பக்கத்தில், யுத்த காலத்தில் போட்டுக் கைவிட்ட விமான மைதானத்தில் எட்டு மணி நேரப் பந்தயம். காலை எட்டுக்கு ஆரம்பித்து மாலை நாலு வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். “ஏங்க, இந்த மாட்டு வண்டியை வச்சுக்கிட்டா ஜெயிக்கப் போறீங்க?” என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

“இங்கேரு, ஜெயிக்கிறதுக்குப் போகலை. கடேசியில, ஓடி முடிச்ச வண்டி பேரையெல்லாம் மைக்குல வாசிப்பாங்க. அதுல ‘திண்டுக்கல், டீசல் கார்’னு ஒரு தடவை வாசிக்கணும். லாரின்னு இல்லை, கார்னு வாசிக்கணும். அம்புட்டுத்தான்.”

அவ்வளவுக்காக என் கோடை விடுமுறை போயிற்று. பழைய காரில் எண்ணெய் அளவு காட்டும் முள், நீங்கள் புதிதாக வைத்த இரண்டு டாங்கிக்கும் வேலை செய்யவில்லை. “அந்த முள்ளுக்குப் பதிலா நீ இருக்கே” என்றீர்கள். மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவள் காரின் முள்ளாகவும் ஆனேன். ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு டீசல், இரண்டு டாங்கியும் எத்தனை ரவுண்டுக்குத் தாங்கும் என்று நோட்டுப் புத்தகம் நிறையக் கணக்குப் போட்டேன். தொண்ணூற்றிரண்டு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எண்பத்தெட்டிலேயே போர்டு காட்டி எண்ணெய் போடக் கூப்பிடுகிறேன் என்றேன். சரி என்று தலையை ஆட்டினீர்கள்.

கூட வந்தவர் சலீம் பாய். பேகம்பூர் தோல் மண்டியில் லாரி ஓட்டுகிறவர். பாதி நேரம் நீங்கள், பாதி நேரம் அவர் என்று பேச்சு.

அன்றைக்குக் காலையில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. கொடி இறங்கியதும் எல்லோரும் ஓடிப்போய்க் காரில் ஏறிச் சீறிக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் டீசல் இஞ்சினைக் கிளப்புமுன் சூடேற்றுகிற ஹீட்டரைப் போட்டுவிட்டு, அது காய்வதற்காக முப்பது எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். மைதானத்தில் தனியாக ஒரு கார். மைக்கில் பேசியவர், “லாரி ஒண்ணு வழி தவறி உள்ளே வந்துடுச்சு போல! யாராவது டிரைவரை எழுப்பி விடுங்கப்பா” என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் இருந்த சீமாட்டி ஒருத்தி, புகை வருகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள், நான்தான் ஊதிவிட்டது போல.

ஆனால் பத்து மணிக்கு மேல் அவர்கள் சிரிப்பு குறைந்தது. பெட்ரோல் கார்கள் ஒவ்வொன்றாக எண்ணெய் போட வந்து நின்றன. ஒன்றில் ரேடியேட்டர் கொதித்தது, ஒன்றில் டயர் போயிற்று. நீங்கள் நிற்கவே இல்லை. தடதடவென்று அதே வேகத்தில் வந்தீர்கள், போனீர்கள். பதினொன்றரைக்கு நம் கார் மூன்றாவது இடம். சலீம் பாய் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, “டீச்சரம்மா, மைக்குக்காரன் பேச்சையே காணோம் பார்த்தீங்களா” என்றார். பொய் சொல்லவில்லை, எனக்கும் பெருமையாக இருந்தது.

எண்பத்தெட்டாவது ரவுண்டில் போர்டைத் தூக்கிக் காட்டினேன். என்னை நேராகப் பார்த்தீர்கள். பார்த்துக்கொண்டே போய்விட்டீர்கள். எண்பத்தொன்பதிலும் காட்டினேன். தொண்ணூறிலும் காட்டினேன். கை வலிக்க வலிக்கக் காட்டினேன். சலீம் பாய் துண்டை வீசிக்கொண்டு ஓடியபோது தொண்ணூற்றிரண்டு முடிந்துவிட்டது. அடுத்த ரவுண்டில் நீங்கள் வரவில்லை.

பெட்ரோல் காராக இருந்தால் ஒரு டின் ஊற்றினால் போதும், கிளம்பிவிடும். டீசல் அப்படியா? டாங்கி வறண்டால் குழாய் முழுக்க ஏர் பிடித்துக்கொள்ளும், அந்தக் காற்றையெல்லாம் வெளியேற்றாமல் இஞ்சின் உயிர் பெறாது. எனக்கே அதைப் பத்துத் தடவை சொன்னவர் நீங்கள்தானே? மைதானத்தின் அந்தக் கோடியில், உச்சி வெயிலில், அப்போது ஓட்டுகிறவரைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்ற சட்டத்தில், காரில் இருந்த ஒரு டின் டீசலை ஊற்றி, ஒற்றை ஆளாகத் திருகாணியைத் தளர்த்திக் கையால் பம்பு அடித்து, நுரை அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நாற்பது நிமிஷம். பிறகு வந்து சேர்ந்தீர்கள், டாங்கியை நிரப்பினோம், சலீம் பாய் ஓட்டினார். நாலு மணிக்குக் கொடி விழும்போது நம் காரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஓடி முடித்ததாகச் சேர்க்க இத்தனை ரவுண்டு வேண்டும் என்று ஒரு விதி. நமக்கு இரண்டு குறைந்தது.

மைக்கில் எல்லாப் பெயரும் வாசித்தார்கள். நம் பெயரை வாசிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் கேட்டேன். ஏன் நிற்கவில்லை? “பார்த்தேன். இன்னும் ரெண்டு ரவுண்டு தாங்கும்னு நினைச்சேன்” என்றீர்கள். என் கணக்கை நம்பவில்லை! அதற்குப் பிறகு எனக்கு வாய் ஓயவில்லை. கல்யாண வீட்டில், பிரியாணிக் கடை வாசலில், டவுன் பஸ்ஸில், “நான் போர்டு காட்டினேன், இவர் நிற்காமல் போனார்” என்று எல்லோரிடமும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இப்போது கொடைரோடு ஸ்டேஷன் வாசலில் போய்ப் பாருங்கள். மலைக்குப் போகிற வாடகைக் கார்களில் பாதி டீசலாக மாறிவிட்டது. உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அதில் சாய்ந்து உட்கார்ந்து போகிறார்கள். அன்றைக்கு நின்றிருந்தால், இதை முதலில் செய்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும் அல்லவா? ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பெண்டாட்டி சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாதா?

---

மேலே உள்ளதை எழுதி நான்கு நாள் ஆகிறது. நேற்று சலீம் பாய் வந்தார். அவரும் மலருக்கு எழுத வேண்டுமாம், எழுத வரவில்லையாம், நான் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

“டீச்சரம்மா, இதை அச்சுல போடாதீங்க.”

“ஏன் பாய்? நடந்ததுதானே?”

“நடக்கலைம்மா. உங்க போர்டுல என்ன எழுதியிருந்தீங்க, ஞாபகம் இருக்கா?”

“மேலே ரவுண்டு நம்பர். கீழே ‘வாங்க’ன்னு எழுதியிருந்தேன்.”

“அண்ணே என்ன எழுதச் சொல்லியிருந்தாரு?”

முந்தின நாள் நீங்கள் சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது. “பலகை பூரா அடைச்சு ‘வா’ன்னு ஒரே எழுத்து எழுது. வேற ஒண்ணும் வேணாம்.” நானும் சரி என்றிருந்தேன். ஆனால் மறுநாள் சாக்பீசைக் கையில் எடுத்துக்கொண்டு அத்தனை ஆண்கள் நடுவில் நிற்கும்போது, கட்டின புருஷனைப் பார்த்து ‘வா’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நம்பரையும் விட மனமில்லை. நம்பருக்குக் கீழே, கோடு போட்ட நோட்டில் எழுதுவது போல முத்து முத்தாக ‘வாங்க’ என்று எழுதினேன். ஒவ்வொரு ரவுண்டிலும் ஏதோ நம்பரைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். அந்த வேகத்தில் வருகிறவருக்கு எல்லாமே வெள்ளைக் கிறுக்கலாகத்தானே தெரிந்திருக்கும்? இதை நான் ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. தப்பே செய்யாதவளுக்கு யோசிக்க என்ன இருக்கிறது?

சலீம் பாய் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதுகிறேன்.

“ஏர் எடுத்துக்கிட்டு இருக்கும்போது நான் ஓடிப் போயி பக்கத்துல நின்னேன். தொடக் கூடாதுன்னுட்டாங்க. ‘ஏண்ணே நிக்காமப் போனீங்க? டீச்சரம்மா வாங்கன்னு காட்டுனாங்களே’ன்னேன். கை வேலையை நிப்பாட்டிட்டு, ‘வாங்கன்னா எழுதியிருந்தா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே அப்பு’ன்னாரு. அப்புறம் சிரிச்சாரும்மா. ‘காலையில இருந்து இங்க ஒருத்தனும் என்னைய மனுசனா மதிக்கலை. லாரி, லாரின்னாய்ங்க. அவ ஒருத்திதான் வாங்கன்னிருக்கா. அதைப் போயித் தப்புன்னு எப்படி அப்பு சொல்லுவேன்? நான் பார்த்துட்டுத்தான் போனேன்னு சொல்லிக்கிடுறேன். நீ வாயைத் திறந்துறாதே’ன்னாரு. அல்லாவுக்குப் பொதுவா, இதுதான் நடந்துச்சு.”

அவர் போன பிறகு உங்கள் மேல் வந்த கோபம் இருக்கிறதே, அந்த ஆறு வருஷக் கோபம் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஏங்க, வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள்? “நீ எழுதினது தெரியலை” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் சரியாகியிருப்பேன். அதை விட்டுவிட்டு ஊரெல்லாம் என்னைப் பேசவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தீர்களே! நீங்கள் அவ்வளவு ஆசைப்பட்ட ஒன்றை நான் கெடுத்தேன், கெடுத்துவிட்டு உங்களையே ஏசினேன். நெஞ்சு வலிப்பதையும் இப்படித்தான் சொல்லவில்லை. வெயில், வெயில் என்றே சொல்லிப் போய்விட்டீர்கள். என்னிடம் எதைத்தான் சொன்னீர்கள் நீங்கள்?

சலீம் பாய் சொன்னாரே என்று மேலே எழுதியதைக் கிழித்துப் போடவில்லை. அதுவும் அச்சில் வரட்டும். ஊரறியத் திட்டியவள் ஊரறியத்தான் திருத்த வேண்டும். இனி யார் அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசினாலும், அவர் நிற்காமல் போகவில்லை, நான் கூப்பிட்ட லட்சணம் அப்படி என்று நானே முந்திக்கொண்டு சொல்வேன். இது சத்தியம். மலரின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டு, அதன் கீழே ‘திண்டுக்கல், டீசல் கார்’ என்று போடச் சொல்லியிருக்கிறேன். வெளியீட்டு விழாவில் மைக் வைக்கிறார்களாம். அதை நான்தான் வாசிக்கப் போகிறேன், உங்கள் பெயரோடு. வாயில் வராவிட்டாலும் வரவழைத்துக்கொள்வேன்.

இன்று காலையில் அச்சகத்துக்கும் போனேன். சுவரொட்டிக்கு வைத்திருக்கிற பெரிய மர எழுத்துகளைக் காட்டினார்கள். கடைசிப் பக்கம் முழுவதையும் அடைத்து ஒரே ஒரு சொல் வேண்டும் என்றேன். அச்சுக் கோர்ப்பவர் கேட்டுவிட்டு, “ஒரே எழுத்துல ‘வா’ன்னு போட்டா இன்னும் பெருசா வருமேம்மா” என்றார். வரும்தான். இப்போதும் எனக்கு மனசு வரவில்லை. எழுத்தைத்தான் பெரிதாக்கச் சொன்னேன்.

வாங்க.

உங்கள் பெண்டாட்டி