ஊறிய சுவர்

டிசம்பர் 9, செவ்வாய்

விடிந்தும் மழை. சுபஹு தொழுதுவிட்டு எழுந்தால் கால் வைத்த இடமெல்லாம் ஈரம். நடு அறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, தொட்டால் உதிர்கிறது. மூலை வெடிப்பும் நீண்டுவிட்டது.

கூரை ஒழுகவில்லை. குடையோடு சுற்றிப் பார்த்தேன். தங்கச்சி வீட்டு மதிலுக்குக் கீழால் தண்ணீர் எங்கள் பக்கம் வருகிறது. உம்மா தன் வளவு நிலத்தைப் பிரித்துத் தந்தபோது எனக்குப் பின்பக்கம், அவளுக்கு றோட்டுப் பக்கம். வெள்ளத்துக்குப் பயந்து கிரவல் மண் கொட்டி நிலத்தை உயர்த்திக் கட்டினாள். ஊரில் எல்லோரும் அப்படித்தான். கடைசியாகக் கட்டுகிறவர் மேட்டில், முதலில் கட்டியவர் பள்ளத்தில்.

அத்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் வடியக் கான் வெட்டலாம். ஆனால் றோட்டுக் கானில் சேர்க்க அவள் முற்றத்தால்தான் போகவேண்டும்.

வெள்ளி, மகள் ரிஸ்னாவைப் பேச மாப்பிள்ளை வீட்டார் (மா.வீ.) வருகிறார்கள். சீதனமாக இந்த வீடுதான் அவளுக்கு. நானும் அவள் வாப்பாவும் பின் அறைக்குப் போய்விடுவோம்.

டிசம்பர் 10, புதன்

கொஞ்சம் வெயில். வாங்க: சீனி, ஏலக்காய், வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி, முட்டை. அவர் இவற்றோடு ஒரு வாளி பெயின்ற்றும் கொண்டு வந்தார்.

"ஈரத்துக்கு மேல பூசினா நிக்குமா? முதல்ல தண்ணிக்கு வழி பாருங்க" என்றேன்.

"பொடியன்ட ஆக்கள் வார நேரம் வளவைக் கிண்டிப்போட்டு நிக்கிறதா? கல்யாணம் முடியட்டும் புள்ள."

பூசிவிட்டார். பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கிறது. எனக்குப் பற்றி எரிகிறது.

பின்னேரம் தங்கச்சியிடம் போனேன். "எனக்கென்ன ராத்தா, வெட்டுங்க. இவர்தான் முத்தத்துல பதிச்ச இன்டர்லொக் கல்லுல கை வைக்க உடமாட்டார்" என்றாள். தேத்தண்ணி ஊற்றினாள். குடிக்காமல் வந்துவிட்டேன். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். மதிலடியில் நின்று அழுதேன்.

டிசம்பர் 12, வெள்ளி

இரவு பிடித்த மழை விடவேயில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு மா.வீ. வந்தார்கள். வட்டிலப்பம் நன்றாக வந்திருந்தது. பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக வீங்கி நின்றது. சோபாவை இழுத்து மறைத்திருந்தோம். மாப்பிள்ளையின் உம்மா நேரே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கைலேஞ்சியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

போகும்போது கேற்றடியில் யாரோ: "புள்ள தங்கம். ஊடுதான் ஊறிக் கிடக்கு."

நல்லவேளை, ரிஸ்னா உள்ளே நின்றாள். அவளுக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்திருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று பாட்டு முணுமுணுக்கிறாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

மழை ஓய்ந்திருந்தது. காலையில் மண்வெட்டிச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தங்கச்சி தன் முற்றத்துக் கல்லைக் கிளப்பிக்கொண்டிருக்கிறாள். மச்சான், அவள் புருஷன், வாசலில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏசினா ஏசட்டும் ராத்தா. ரிஸ்னாட ஊடு இது."

நானும் அவரும் ரிஸ்னாவும் இறங்கினோம். மதிலுக்குக் கீழால் துளை, அதனூடாக றோட்டுக் கான் வரை ஆழமாகப் புதைத்த ஓட்டை போட்ட குழாய், சுற்றிலும் சல்லிக்கல். மச்சானும் கடைசியில் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். லுஹர் தொழுகைக்கு முன்னமே தண்ணீர் றோட்டுக் கானுக்கு ஓடத் தொடங்கியது. சேற்றோடு சேறாக உட்கார்ந்து தங்கச்சியின் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு போன். மாப்பிள்ளையின் உம்மா.

"குறை நினைக்காதீங்க. இது நல்லதா என்டு இஸ்திகாரா தொழுது பார்த்தம். மகன்ட மனசு சரிவரல்ல."

சுவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. "ஓம், ஓம்" என்றேன்.

போனை வைக்கவும் ரிஸ்னா சேற்றுக் காலோடு ஓடி வந்தாள்.

"உம்மா, தண்ணி முழுக்க வடிஞ்சிட்டு! இனிச் சுவர் காஞ்சிரும். அவங்கள இன்னொருக்கா வந்து பார்க்கச் சொல்லுங்க."