சிவப்புத் தொப்பியும் ஈயத் தண்ணீரும்

அனுப்புநர்:
ஆர்லீன் டிட்மர்,
மில் தெரு, பிரைஸ் கிராசிங்,
ஒஹாயோ மாநிலம்.

பெறுநர்:
உரிமப் புதுப்பிப்பு அதிகாரி அவர்கள்,
ஒளிபரப்பு ஆணையம், வாஷிங்டன்.

பொருள்: ஹார்ட்விக் தொலைக்காட்சி நிலையம் என் பேச்சை வெட்டிக் கட்சிச் சாயம் பூசியது, முழுப் பேட்டியையும் செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்புக்கு முன் ஒளிபரப்பச் செய்யக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்க் குடிநீர்க் குழாய்கள் ஈயத்தால் ஆனவை. அவற்றை மாற்ற வரி போடலாமா என்று வரும் நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை ஊர் வாக்களிக்கிறது. என் பேத்தி மேசியின் இரத்தத்தில், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் அந்த ஈயம் ஏறியிருக்கிறது. இந்த மனுவில் வேறு எதை மறந்தாலும் இதை மறந்துவிட வேண்டாம்.

2. தேர்தல் வந்தால் எங்கள் ஊர் உணவகத்துக்கு நிருபர்கள் வருவது வழக்கம். மற்ற நாளில் எட்டிப் பார்க்காதவர்கள், அப்போது மட்டும் முட்டையும் உருளைக்கிழங்கும் தின்னும் எங்களைச் 'சாமானிய அமெரிக்கர்' என்று கண்டுபிடிப்பார்கள். யாரிடம் மைக்கை நீட்டுவது என்பதைத் தலையைப் பார்த்தே தீர்மானிப்பார்கள். தலைக்குள் இருப்பது அவர்களுக்குத் தேவையில்லை. என்னைப் பேட்டி எடுத்த அன்று மழை. மறைந்த என் கணவர் லாயிடின் சிவப்புத் தொப்பியை அணிந்திருந்தேன். வரியே கூடாது என்னும் கட்சிக்காரர்கள் அணியும் சிவப்புத் தொப்பி அல்ல அது, ஊர்த் தீயணைப்புப் படையின் தொப்பி. முன்பக்கம் ஏணிப் படம் தைத்திருக்கும். கண் இருப்பவர்களுக்குத் தெரியும்.

3. நான் பேசியது இது: "எனக்கும் வரி கட்டப் பிடிக்காதுதான். ஆனா புள்ளைங்க விஷத்தைக் குடிக்குதுங்களேய்யா!" ஒளிபரப்பில் வந்தது "எனக்கும் வரி கட்டப் பிடிக்காது" மட்டும். கீழே, 'கொதித்தெழுந்த கட்சித் தொண்டர்' என்று எழுத்து ஓடியது. நான் எந்தக் கட்சியிலும் இல்லை.

4. பிறகு செய்தி வாசிப்பாளர் பிரெண்ட் காலவே, நடுநிலை என்ற பெயரில், குழாயை மாற்று என்பவரையும் மாற்றாதே என்பவரையும் மோதவிட்டு, நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். ஈயத்துக்கும் ஒரு தரப்பு உண்டாம்! வெட்கக்கேடு. ஒரு குவளைத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

5. இப்போது குழாய் கட்சி விவகாரமாகிவிட்டது. பக்கத்து வீட்டு கிளென் வேலிக்கு அப்பாலிருந்து, "சபாஷ் ஆர்லீன்! நம்ம பாக்கெட்ல கைவைக்கப் பாத்தானுங்க, நல்லா குடுத்த!" என்கிறார். அவர் குடிப்பதும் அதே தண்ணீர்தான். மேசியின் தாயான என் மகள் டானா, "ஏம்மா, உன் கட்சிக்காக என் புள்ளைய விட்டுக்குடுத்துட்டியா?" என்று கேட்டுத் தொலைபேசியை வைத்தாள். அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை.

6. நிலையத்துக்கே போனேன். தயாரிப்பாளர் அம்மையார் மிகுந்த மரியாதையுடன், "மேடம், நாங்க ரெண்டு பக்கமும் காட்டுறவங்க. நீங்க எந்தப் பக்கம்னு தெளிவா சொல்லுங்க, இன்னொரு தடவை எடுத்துக்கலாம்" என்றார். இத்தகைய அறிவாளிகளுக்குத் தாங்கள் உரிமம் வழங்கிவருவது குறித்த என் வியப்பைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

7. ஆகவே, செவ்வாய்க்கு முன் என் பேட்டியை ஒரு சொல்லும் வெட்டாமல் ஒளிபரப்ப ஆணையிட வேண்டுகிறேன். பேத்தி எந்தப் பக்கம் என்றும் நிலையத்தார் கேட்கக்கூடும். மேசிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ஆர்லீன் டிட்மர்

இடம்: பிரைஸ் கிராசிங்
நாள்: 31.10.2022